இரட்டை எண் பக்கம்

காலை ஒன்பது மணிக்கு
கூடைப்பந்துக் கோடுகளின் மேல் மேசைகளை விரித்தோம்.
ஸ்கார்பரோவில் ஐப்பசித் தூறல்.
வாக்குப்பெட்டி நின்றது எறிகோட்டில்.
பெட்டி என்பது பழக்கதோஷம். அது இயந்திரம்.
தாளின் நுனியைக் காட்டினால்
மிச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும்.
சுவருக்கு அப்பால் நீச்சல்குளம்.
குளோரின் மணம் கதவிடுக்கால் வந்து
வாக்காளர் பட்டியலில் குந்தியிருந்தது.

எனக்குத் தந்த வேலை வழி சொல்வது.
கழுத்தில் அட்டை, கையில் வரைபடம்,
வாயில் எந்த வேட்பாளர் பெயரும் வரக்கூடாது என்ற கட்டளை.

நாற்பத்துநாலு வட்டாரங்களை
இருபத்தைந்தாக மடித்த வருடம்.
மடிப்பு விழுந்தது எங்கள் தெருவில்.
ஒற்றை எண் வீடுகளுக்கு இந்த மண்டபம்.
இரட்டை எண்களுக்கு
ரயில் பாதை தாண்டி
ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறை.
நேற்றிரவு எல்லையைத் தேடி நடந்து பார்த்தேன்.
ரோட்டு நடுவில் ஒரு மஞ்சள் கோடு.
அதுவும் கார்களுக்குப் போட்டது,
பாதி அழிந்து.

பெர்சாட் பத்து மணிக்கே வந்தார், முதல் ஆள்.
இலக்கம் பதினெட்டு.
அவர் வாசலிலிருந்து இங்கே இருநூற்றுப் பத்து எட்டு.
நெஞ்சைத் திறந்து தைத்த பிறகு எண்ணி வைத்திருக்கிறார்.
“உங்கள் சாவடி இதில்லை.”
“என் குளம் இதுதானே?”
“குளம் இதுதான்.”
“அதை மூடுவதா என்று கை தூக்கப்போகிறவரை
நான் தெரிவுசெய்ய வேண்டாமா?”
வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினேன்.
வீடு பச்சையில். குளம் ஊதாவில்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி போட்டுப் பார்த்தார்.
நிறம் மாறவில்லை.

நானும் இரட்டை எண் பக்கம்தான்.
முன்கூட்டியே போட்டுவிட்டேன், பச்சைக்குள்.
நீச்சல் வகுப்புப் பதிவு காலை ஏழுக்குத் திறக்கும்,
ஏழு இரண்டுக்கு நிரம்பும்.
அதற்காக மடிக்கணினி, கைபேசி, கணவனின் கைபேசி
மூன்றையும் வரிசையில் நிறுத்தியவள் நான்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
அட்டை கழுத்தில் இருந்தது.

அடுத்தது திலகேஸ்வரி, இலக்கம் இருபத்தேழு.
சரியான மண்டபம், சரியான அத்தாட்சி.
குளத்தில் ஒருநாளும் கால் நனைக்காதவ.
பஸ் பிந்தினால் மட்டும் உள்ளே வருவா,
குளிருக்கு ஒதுங்க.
போன மாசியில்
வழித்த பனியை யார் பக்கம் கொட்டுவது என்று
பெர்சாட்டோடு சவள் தூக்கிச் சண்டை பிடித்தவ.
வரைபடத்தைப் பார்த்தா. அவரைப் பார்த்தா.
“கார் வெளியில நிக்குது.
போட்டிட்டு வாறன், நில்லுங்கோ” என்றா தமிழில்.
கயானாக்காரருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.
நின்றார்.

மறைப்புக்குள் அவ வெகுநேரம் குனிந்திருந்தா.
யாருக்குப் போட்டா என்று எனக்குத் தெரியாது.
தெரியவும் கூடாது.
பிறகு இருவரும் தூறலுக்குள் போனார்கள்.
காருக்குள் ஏறும்வரை
ஒரே குடைக்குள் வர இருவரும் மறுத்தார்கள்.

மத்தியானம் வெறுமை.
மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுப் பையன்கள்,
கையில் பந்து, “எப்ப முடியும்?”
எட்டுக்கு என்றேன்.
நகரசபையையே திட்டுவது போல
பந்தை ஒருதரம் நிலத்தில் அடித்தார்கள்.
ஆறுக்கு என் மகள் துவாயோடு போனாள்.
கண்ணாடிக்கு அப்பால் கையசைத்தாள்.
நான் வரைபடத்தை அசைத்தேன்.

எட்டு.
இயந்திரம் முடிவுகளைத் துப்பியது,
மளிகைக்கடைப் பற்றுச்சீட்டு நீளத்துக்கு.
ஒரு பிரதியைக் கதவின் வெளிப்புறம் ஒட்டினோம்.
குளத்திலிருந்து வந்த பெர்சாட் அதன்முன் நின்றார்.
தன் வாக்கு அதில் இல்லை என்று தெரிந்தும்
ஈர விரலை வைத்து
பெயர் பெயராக இறங்கினார்.
எந்தப் பெயரில் நின்றார் என்று
உள்ளேயிருந்து தெரியவில்லை.
தாளின் பின்பக்கம்தான் எனக்கு.

“முடிஞ்சுதா?” என்றார்கள் பையன்கள்.
முதல் மேசையின் கால்களை மடித்தேன்.
எறிகோடு கொஞ்சம் தெரிந்தது.